ஹைவோல்டேஜ் கருவிகளைச் சோதிக்கும் மின் ஊழியர்களுக்கு: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால், சித்திரை வைகாசியில், டெல்டா முழுக்கப் பராமரிப்பு மின்தடை வேலை நடக்கும். ஐப்பசி கார்த்திகையில் புயலும் மழையும் வந்தால் பழுது பார்த்த கேபிளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சோதித்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும். மெக்கரும் (வோல்டேஜ் ஏற்றி இன்சுலேஷனை அளக்கும் கருவி) டெஸ்ட் கிட்டும் ஸ்டோரை விட்டு அதிகம் வெளியே வருவது இந்த இரண்டு பருவத்தில். 11, 33, 110 கே.வி. (ஒரு கே.வி. என்றால் ஆயிரம் வோல்ட்) வேலையில் இருக்கும் லைன்மேன், வயர்மேன், துணை மின்நிலைய ஆபரேட்டர், டெஸ்டிங் பிரிவு ஊழியர்கள் கேட்கும் கேள்விகள் கீழே.

லைன் கிளியர் (சப்ளையை நிறுத்தி வேலை செய்யத் தரும் பெர்மிட்) வாங்கியாகிவிட்டது. ஏ.பி. சுவிட்சும் (கம்பத்து மேல் லைனைப் பிரிக்கும் ஏர் பிரேக் சுவிட்ச்) திறந்தாகிவிட்டது. அப்புறமும் என்ன ஆபத்து?

முதலில் அந்த ஏ.பி. சுவிட்சையே அண்ணாந்து பாருங்கள். கைப்பிடி கீழே இறங்கியதால் மூன்று கத்தியும் திறந்துவிட்டன என்று ஆகாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் பிவட் துருப்பிடித்து, இரண்டு கத்தி திறந்து ஒன்று ஒட்டிக்கொண்டே நிற்பது உண்டு. அந்தி நேரத்தில் கீழே இருந்து பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்து மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

மூன்றும் திறந்திருந்தாலும் லைனுக்குள் மின்சாரம் வர வேறு வழிகள் இருக்கின்றன. யார் வீட்டு ஜெனரேட்டரோ பின்பக்கமாக ஏற்றலாம். மேலே ஓடும் 110 கே.வி. லைன் இண்டக்ஷனில் ஏற்றலாம். கேபிளிலும் கெப்பாசிட்டரிலும் பழைய சார்ஜ் நிற்கலாம். சோதனை வேலையில் இன்னொன்றும் சேர்கிறது: நாமே கொண்டுவந்து மாட்டும் டெஸ்ட் கிட். லைன் கிளியர் நிறுத்துவது துணை மின்நிலையத்திலிருந்து வருவதை மட்டும்தான். மற்றவற்றுக்கு எர்த்தைத் தவிர வேறு காவல் கிடையாது. எர்த் போடாத லைனை சார்ஜில் இருக்கும் லைனாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள்.

சப்ளை இல்லை என்று எப்படி உறுதி செய்வது? வோல்டேஜ் டிடெக்டர் கத்தவில்லை என்றால் போதுமா?

போதாது. பேட்டரி தீர்ந்த டிடெக்டரும் கத்தாது. முதலில் சார்ஜில் இருக்கும் பக்கத்து ஃபீடரில் காட்டிக் கத்துகிறதா பாருங்கள். பிறகு வேலை செய்யும் லைனில் மூன்று ஃபேசையும் பாருங்கள். முடித்ததும் மறுபடி அதே பக்கத்து ஃபீடரில் காட்டுங்கள். மூன்றாவது முறையும் கத்தினால்தான் நடுவில் அது கத்தாமல் இருந்ததற்கு அர்த்தம் உண்டு. பக்கத்தில் சார்ஜ் லைன் இல்லையென்றால் டிடெக்டருடன் வரும் புரூவிங் யூனிட்டை (டிடெக்டரைச் சோதிக்க வோல்டேஜ் தரும் கருவி) பயன்படுத்துங்கள். டெஸ்ட் பட்டன் மட்டும் இருக்கும் மாடலில் அந்தப் பட்டன் பெரும்பாலும் பஸ்ஸரையும் விளக்கையும்தான் சோதிக்கும். முனையில் இருக்கும் சென்சாரை அல்ல.

கவசம் போட்ட கேபிளின் மேல் டிடெக்டரை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஸ்கிரீன் எர்த் ஆகியிருப்பதால் உள்ளே 11 கே.வி. ஓடினாலும் அது வாய் திறக்காது.

எர்த் ராடை எந்த வரிசையில் மாட்ட வேண்டும்?

மாட்டும்போது மண் பக்கம் முதலில், லைன் பக்கம் பிறகு. கழற்றும்போது லைன் பக்கம் முதலில், மண் பக்கம் கடைசியில். வரிசை மாறினால் கையில் பிடித்திருக்கும் கம்பியே லைனாகிவிடும்.

தவறு அதிகம் நடப்பது கிளாம்ப் பிடிக்கும் இடத்தில். பெயின்ட் அடித்த ஸ்ட்ரக்சரில், துருப்பிடித்த ஃபிளாட்டில் கிளாம்பை மாட்டிவிட்டு எர்த் ஆகிவிட்டது என்று ஏறிவிடுகிறார்கள். அரத்தால் நாலு இழுப்பு இழுத்து, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு மாட்டுங்கள். திருகை முறுக்கிய பின் கம்பியை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். கிளாம்ப் திரும்பினால் பிடி இல்லை.

மூன்று ஃபேசையும் ஒன்றாக ஷார்ட் செய்து எர்த் செய்ய வேண்டும். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டு நடுவில் ஜம்பரை (இரண்டு பக்க லைனை இணைக்கும் துண்டுக் கம்பி) வெட்டினால், வெட்டிய அந்தப் பக்கத்துக்கு எர்த் இல்லாமல் போகும்.

வயலுக்கு நடுவில் இருக்கும் ஸ்ட்ரக்சர். எர்த் குழி இல்லை. என்ன செய்வது?

தற்காலிக ஸ்பைக்கை வரப்பு ஓரம் ஈர மண்ணில் முக்கால் மீட்டராவது இறங்கும்படி அடியுங்கள். டெல்டாக் களிமண் ஈரமாக இருக்கும்போது நல்ல எர்த் தரும். ஆனால் ஃபால்ட் வந்தால் அந்த ஸ்பைக்கைச் சுற்றியுள்ள மண்ணிலேயே வோல்டேஜ் படி படியாக இறங்கும். நடவு முடிந்து தண்ணீர் கட்டியிருக்கும் வயலில் வெறுங்காலுடன் ஹெல்ப்பர் பக்கத்தில் நிற்பதுதான் மோசம். ஸ்பைக்கிலிருந்து குறைந்தது நாலைந்து மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மேய்ச்சலுக்கு வந்த மாடு கன்றையும் விரட்டிவிடுங்கள். இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும் தூரம் மாட்டுக்கு அதிகம் என்பதால் நமக்கு முன்னால் அதுதான் விழும்.

11 கே.வி. கேபிளை மெக்கர் செய்யும் சரியான முறை என்ன?

டெஸ்டிங்கில் ஆட்கள் அதிகம் அடிபடுவது இந்த வேலையில் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

கேபிளுக்கு இரண்டு முனை. நீங்கள் ஒரு முனையில் துணை மின்நிலையத்துக்குள் இருப்பீர்கள். மறுமுனை 400 மீட்டர் தள்ளி, கடைத்தெருவில், டீக்கடைக்குப் பக்கத்துக் கம்பத்தில் இருக்கும். நீங்கள் 5 கே.வி. ஏற்றினால் அங்கேயும் 5 கே.வி. ஏறும். அதனால் மறுமுனையில் கயிறு கட்டி ஒரு ஆளை நிறுத்தாமல் பட்டனைத் தொடக் கூடாது. அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ‘மிஸ்டு கால் கொடுத்தால் ஆரம்பிக்கிறோம்’ என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். எத்தனையோ காரணத்துக்கு மிஸ்டு கால் வரும். பேசி, பெயர் சொல்லி, ‘ஒன்றாம் நம்பர் கேபிள், மறுமுனை விலகியாச்சு, ஏத்தலாம்’ என்று அவர் சொல்வதை நீங்கள் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள்.

அந்தப் பேச்சுக்கு முன்பே முடிக்க வேண்டியவை இவை. கேபிளை எர்த் செய்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். இரண்டு முனையிலும் லக்குகளை (கேபிள் முனையின் இணைப்புக் கண்ணிகள்) கழற்றி, கோர்கள் (கேபிளுக்குள் இருக்கும் மூன்று கம்பிகள்) ஒன்றோடொன்றும் உலோகத்தோடும் தொடாமல் பிரித்து வையுங்கள். சோதிக்காத இரண்டு கோர்களையும் ஸ்கிரீனோடு சேர்த்து எர்த் செய்யுங்கள். டெர்மினேஷனை உலர்ந்த துணியால் துடையுங்கள். மார்கழிக் காலையில் பனி படிந்த டெர்மினேஷன் நல்ல கேபிளையும் கெட்டதாகக் காட்டும். அப்படி இருந்தால் துடைத்த இடத்தில் வெற்றுச் செம்புக் கம்பியை இரண்டு சுற்று சுற்றி மெக்கரின் கார்டு டெர்மினலில் கொடுங்கள். மேற்பரப்பில் கசியும் மின்னோட்டம் கணக்கில் சேராமல் போகும்.

லீடுகளை மாட்டிய பிறகுதான் எர்த்தை எடுக்க வேண்டும். 1 நிமிட ரீடிங், தேவைப்பட்டால் 10 நிமிட ரீடிங். முடித்ததும் லீடைக் கழற்றாதீர்கள். மெக்கர் தானே டிஸ்சார்ஜ் செய்து, திரையில் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருங்கள். பிறகு டிஸ்சார்ஜ் ராடு, அதன் பிறகு நேரடி எர்த்.

மெக்கரில் வருவது சில மில்லி ஆம்பியர்தானே? அதற்கா இத்தனை பயம்?

மெக்கர் தருவது அவ்வளவுதான். ஆனால் கேபிள் சேர்த்து வைத்திருப்பதை ஒரே நொடியில் கொட்டிவிடும். 11 கே.வி. எக்ஸ்.எல்.பி.இ. (பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிளில் ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 0.4 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 5,000 வோல்ட் ஏற்றினால் அதில் நிற்பது 5 ஜூல். கம்பத்து மேல் ஏணியில் நிற்பவரைத் தூக்கி எறிய அது போதும். வி.எல்.எஃப். கிட் (மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஏ.சி. ஏற்றும் கருவி) வைத்து 15,000 வோல்ட் ஏற்றினால் அதே கேபிளில் 45 ஜூல். வோல்டேஜ் மூன்று மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்கு. அது இதயத்தை நிறுத்தக்கூடிய அளவு.

டிஸ்சார்ஜ் ராடைத் தொட்டதும் பொறி வந்தது, சார்ஜ் போய்விட்டது. உடனே கை வைக்கலாமா?

கூடாது. இன்சுலேஷன் பஞ்சு மாதிரி. பிழிந்து வைத்தாலும் சற்று நேரத்தில் அடியிலிருந்து ஈரம் மேலே கசியும். ராடைத் தொட்டு எடுத்தால் மேல் சார்ஜ் போகும். உள்ளே ஊறிய சார்ஜ் சில நிமிடங்களில் மறுபடி சில நூறு வோல்ட்டாக எழும். அதனால் எவ்வளவு நேரம் வோல்டேஜ் ஏற்றினீர்களோ அதில் குறைந்தது நாலு மடங்கு நேரம் எர்த்திலேயே வைத்திருங்கள். 10 நிமிட டெஸ்ட் செய்தால் 40 நிமிடம். சாப்பாட்டு நேரத்தை அதோடு சேர்த்துக்கொண்டால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

பழைய டி.சி. ஹைபாட் கிட் (ஹைவோல்டேஜ் டி.சி. ஏற்றிச் சோதிக்கும் கருவி) இருக்கிறது. எக்ஸ்.எல்.பி.இ. கேபிளில் போடலாமா?

வேண்டாம். சில வருடம் ஓடிய எக்ஸ்.எல்.பி.இ.யில் டி.சி. ஏற்றினால் இன்சுலேஷனுக்குள் சார்ஜ் தங்கிவிடும். டெஸ்டில் பாஸ் ஆன கேபிள் சப்ளை கொடுத்த சில நாளில் வெடிக்கும். 0.1 ஹெர்ட்ஸ் வி.எல்.எஃப். கிட்டைக் கேட்டு வாங்குங்கள். பழைய பேப்பர் கேபிளுக்கு டி.சி. சரி.

டிரான்ஸ்ஃபார்மர் சோதனையில் எங்கே தவறு நடக்கிறது?

ரேஷியோ டெஸ்டில் (இரண்டு பக்க வோல்டேஜின் விகிதம் பார்ப்பது). 11,000/433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் விகிதம் 25.4. ஹெச்.டி. (11,000 வோல்ட்) பக்கம் 415 வோல்ட் கொடுத்தால் எல்.டி. (433 வோல்ட்) பக்கம் சுமார் 16 வோல்ட் வரும், அளந்துவிட்டுப் போகலாம். அவசரத்தில் அதே 415-ஐ எல்.டி. பக்கம் மாட்டினால் ஹெச்.டி. புஷ்ஷிங்கில் 10,500 வோல்ட். மல்டிமீட்டரும் அதைப் பிடித்த கையும் போகும். சப்ளை லீடை மாட்டுபவரும் அளப்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால், சுவிட்ச் போடுவதற்கு முன் ஒருவர் மாட்டியதை மற்றவர் விரலால் தொட்டுக் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் டெஸ்டில் டி.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது லீடைப் பிடுங்கினால் வைண்டிங் உதைக்கும். கிட்டை ஆஃப் செய்து, கரன்ட் பூஜ்யத்துக்கு இறங்கியதைப் பார்த்த பிறகே கழற்றுங்கள்.

மெக்கர் செய்யும்போது ஹெச்.டி. புஷ்ஷிங் மூன்றையும் ஒன்றாகவும், எல்.டி. புஷ்ஷிங்குகளை நியூட்ரலோடு ஒன்றாகவும் ஷார்ட் செய்யுங்கள். ரீடிங்கோடு ஆயில் வெப்பநிலையையும் எழுதுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் ரீடிங் ஏறக்குறையப் பாதியாகும். வைகாசி மதியம் எடுத்ததைத் தை மாத ரீடிங்கோடு அப்படியே ஒப்பிட்டு டிரான்ஸ்ஃபார்மரைக் கழிப்பது வீண்.

ரிலே டெஸ்ட் செய்யும்போது பி.டி. பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறார்கள்?

11 கே.வி./110 வோல்ட் பி.டி. (அளவைக்காக வோல்டேஜைக் குறைத்துத் தரும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) இரண்டு பக்கமும் வேலை செய்யும். பேனலில் நீங்கள் கிட்டிலிருந்து 110 வோல்ட் கொடுக்கும்போது செகண்டரி ஃபியூஸ் எடுக்கப்படாமல் இருந்தால், யார்டில் பஸ்ஸில் (ஃபீடர்கள் எல்லாம் சேரும் பொதுக் கம்பி) 11,000 வோல்ட் ஏறும். அங்கே ஒருவர் இன்சுலேட்டர் துடைத்துக்கொண்டிருப்பார். லைன் கிளியர் சரி, பிரேக்கர் திறப்பு சரி, எல்லாம் சரி. நம் டெஸ்ட் கிட்தான் சப்ளை. வெறும் 10 வோல்ட் கசிந்தாலே மேலே 1,000 வோல்ட். செகண்டரி ஃபியூஸைக் கழற்றி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேனலின் மேல் வைத்தால் யாராவது நல்லெண்ணத்தில் மறுபடி மாட்டிவிடுவார்கள்.

சி.டி.க்கு (கரன்ட்டை அளக்கக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) இது தலைகீழ்: லோடு ஓடும்போது செகண்டரி திறந்துவிடக் கூடாது. ஷார்ட்டிங் லிங்க் போட்ட பிறகே மீட்டரைக் கழற்றுங்கள்.

புயலுக்குப் பின் ஜெனரேட்டர் பேக்ஃபீட் உண்மையிலேயே பெரிய பிரச்சினையா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் எத்தனை என்று இந்தப் பக்கத்து ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ரைஸ் மில், கல்யாண மண்டபம், இறால் பண்ணை, வீடு என்று எல்லா இடத்திலும் ஜெனரேட்டர் ஓடும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், பிளக்கில் திருப்பி மாட்டி ஓட்டுபவரும் இருப்பார்.

கணக்கு இதுதான். எல்.டி.யில் ஒரு ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட் ஏறினால், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஹெச்.டி.யில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சுமார் 10,000 வோல்ட் வரும். சின்ன ஜெனரேட்டர் ஊர் லோடு முழுவதையும் தாங்காமல் நின்றுவிடும் என்பது பாதி உண்மை. எல்.டி. லைன் அறுந்து, அந்த ஒரு வீடும் டிரான்ஸ்ஃபார்மரும் மட்டும் மிச்சமிருந்தால் அது நன்றாகவே தாங்கும்.

டிரான்ஸ்ஃபார்மரில் ஹெச்.டி. பக்கத்து ஹெச்.ஜி. (ஹார்ன் கேப்) ஃபியூஸையும் எல்.டி. ஃபியூஸையும் இரண்டையும் எடுங்கள். எல்.டி. பக்கமும் எர்த் போடுங்கள். காலையில் சப்ளை இல்லை என்று பார்த்தது மாலைக்குச் செல்லாது. பொழுது சாயும்போதுதான் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கும்.

எர்த் குழி ரெசிஸ்டன்ஸை எப்போது அளப்பது?

சித்திரை வைகாசியில், மண் வெடித்துக் கிடக்கும்போது. ஐப்பசியில் எந்தக் குழியும் நல்ல ரீடிங்தான் தரும். டிஸ்ட்ரிபியூஷன் டிரான்ஸ்ஃபார்மருக்கு 5 ஓமுக்குள், 33/11 கே.வி. துணை மின்நிலையத்துக்கு 2 ஓமுக்குள், அதற்கு மேல் உள்ள பெரிய நிலையங்களுக்கு 1 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த்தைக் கழற்றி அளக்காதீர்கள். கழற்றிய இரண்டு முனைக்கும் நடுவே எந்த வோல்டேஜ் வேண்டுமானாலும் நிற்கலாம். எடுத்த கை வழியே பாயும். லைன் கிளியர் வாங்கிச் செய்யுங்கள்.

கடற்கரைப் பக்கம் இன்னொரு ஏமாற்று உண்டு. உப்பு மண்ணில் குழி 1 ஓம் காட்டும். ஆனால் மண்ணுக்கு ஒரு சாண் கீழே ஜி.ஐ. ஃபிளாட் (துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை) அரித்து நூலாக இருக்கும். குழி நல்ல குழி. டிரான்ஸ்ஃபார்மரோடு அதற்குத் தொடர்பு இல்லை. எனவே குழியிலிருந்து டேங்க் பாடி வரை கன்டினியூட்டியும் பாருங்கள், மண் கோட்டில் கொஞ்சம் தோண்டியும் பாருங்கள்.

மதியம் மெக்கரில் நன்றாக இருந்த இன்சுலேட்டர் விடியற்காலையில் ஏன் ஃபிளாஷ் ஆகிறது?

உப்பு. வேதாரண்யம் உப்பளங்களிலிருந்தும் கடலிலிருந்தும் வரும் காற்று இன்சுலேட்டரில் உப்புப் படலம் பூசுகிறது. காய்ந்திருக்கும்போது அது மின்சாரத்தைக் கடத்தாது. பனி இறங்கியதும் கடத்தும். மதிய ரீடிங்கை நம்பாமல் படலத்தைக் கண்ணால் பாருங்கள். பனி இறங்கிய நேரத்தில் ஏ.பி. சுவிட்ச் கைப்பிடியைத் தொடும் ஆள் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கைப்பிடிக் குழாயின் எர்த் இணைப்பையும் முன்னதாகப் பாருங்கள்.

எந்தக் கையுறை? எந்த மேட்?

11 கே.வி.க்கு கிளாஸ் 2 ரப்பர் கையுறை, 17 கே.வி. வரை தாங்கும். 33 கே.வி.க்கு கிளாஸ் 4. மேல் தோல் கையுறை போடுங்கள். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டிலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்தருகே வைத்துக் கசிகிறதா பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலக்ட்ரிகல் டெஸ்ட். தேதி இல்லாத கையுறையைப் பயன்படுத்தாதீர்கள். பிளையரோடும் ஸ்பேனரோடும் ஒரே பையில் போட்ட கையுறையில் ஊசித் துளை இருப்பது சாதாரணம். மேட் ஐ.எஸ். 15652 முத்திரையோடு, 11 கே.வி.க்கு 2.5 மி.மீ., 33 கே.வி.க்கு 3 மி.மீ.

இவை எர்த்துக்கு மாற்று அல்ல. சார்ஜில் இருக்கும் பாகத்திலிருந்து 11 கே.வி.க்கு 2.6 மீட்டர், 33 கே.வி.க்கு 2.8 மீட்டர், 110 கே.வி. யார்டில் மூன்றரை மீட்டருக்கு மேல் தூரம் வேண்டும். கையில் இருக்கும் ஏணியையும் குழாயையும் சேர்த்துத்தான் அந்தத் தூரம்.

பிரேக்கரும் கெப்பாசிட்டர் பேங்கும்?

பிரேக்கரில் மின்சாரத்துக்கு முன்னால் ஸ்பிரிங் கடிக்கும். டி.சி. சப்ளையை எடுத்து, ஸ்பிரிங் சார்ஜை இறக்கிய பிறகே உள்ளே கை விடுங்கள். 12 கே.வி. வகுப்பு பிரேக்கருக்குத் தயாரிப்பாளர் டெஸ்ட் 28 கே.வி.; ஓடிய பிரேக்கருக்கு அதில் முக்கால் பங்கு வழக்கம். கான்டாக்ட் திறந்த நிலையில் வேக்கம் பாட்டிலில் (பிரேக்கரின் கான்டாக்ட் இருக்கும் காற்றில்லாக் குடுவை) ஹைவோல்டேஜ் ஏற்றும்போது 3 மீட்டர் தள்ளி நில்லுங்கள். எக்ஸ்-ரே வர வாய்ப்புண்டு.

கெப்பாசிட்டர் பேங்கைத் திறந்த பிறகு 10 நிமிடம் காத்திருங்கள். பிறகு எர்த். பிறகு ஒவ்வொரு கேனையும் (பேங்கில் இருக்கும் ஒவ்வொரு கெப்பாசிட்டர் பெட்டி) தனியாக டெர்மினலுக்கு டெர்மினல் ஷார்ட் செய்யுங்கள். ஃபியூஸ் போன கேன் பஸ்ஸில் போட்ட எர்த்தோடு தொடர்பில்லாமல் சார்ஜோடு நிற்கும்.

மழை, இடி?

தூறல் விழுந்தால் ஹைவோல்டேஜ் டெஸ்ட் கிடையாது. தூரத்தில் இடி கேட்டாலே எர்த் அளவையும் நிறுத்துங்கள்.

ஒருவருக்கு அடித்துவிட்டால் முதல் ஐந்து நிமிடம் என்ன செய்வது?

தொடாதீர்கள். டெஸ்ட் கிட்டின் அவசர ஆஃப் பட்டன் எங்கே என்று டெஸ்ட் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆஃப் செய்து, ராடால் டிஸ்சார்ஜ் செய்த பிறகு ஆளைப் பிடியுங்கள். மூச்சும் அசைவும் இல்லையென்றால் உடனே நெஞ்சு நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பயிற்சி உள்ளவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுக்கலாம். ஒருவர் அழுத்தும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். வயக்காட்டு இடமென்றால் ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட ஒருவர் ரோட்டுக்கு ஓட வேண்டும். வெளிக்காயம் இல்லாமல் எழுந்து உட்கார்ந்தாலும் ஈ.சி.ஜி. எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

வேலை முடிந்தது. லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்கும் முன் என்ன பார்ப்பது?

எர்த் செட்டுகளை எண்ணுங்கள். வண்டியிலிருந்து எத்தனை இறங்கியது என்று காலையிலேயே பெர்மிட் தாளின் ஓரத்தில் எழுதியிருந்தால் இப்போது சண்டை வராது. கழற்றிய பி.டி. ஃபியூஸ், சி.டி. ஷார்ட்டிங் லிங்க், கழற்றிய லக்கின் போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகம் பாருங்கள். மறுமுனைக் கம்பத்தில் நிறுத்திய ஆளையும் சேர்த்து. நாலு செட் போய் மூன்று செட் வந்திருந்தால், நாலாவது கையில் வரும்வரை லைன் கிளியர் உங்களிடமே இருக்கட்டும்.